ஐ.ஆர்.எஸ். வரி நிலுவை: வழக்கறிஞரை எப்போது அமர்த்த வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் நம்மவர் வீட்டுக்கு ஐ.ஆர்.எஸ். எனப்படும் வரித்துறையிடமிருந்து கடிதம் வந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறு நடக்கிறது. உறையைப் பிரிக்காமலேயே இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அல்லது வானொலி விளம்பரத்தில் கேட்ட எண்ணை அன்றிரவே அழைத்துக் கடன் அட்டை எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன செய்யலாம் என்பதை இங்கே கேள்வி பதிலாகத் தருகிறோம். இவை கூட்டாட்சி வருமான வரியைப் பற்றியவை. மாநில வரிகளுக்கான விதிகள் வேறு.

எவ்வளவு டாலர் நிலுவை இருந்தால் வழக்கறிஞரைத் தேட வேண்டும்?

தொகையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த ஆண்டு நிறுவனப் பங்குகள் நிறையக் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அந்தப் பங்குகளின் மதிப்பில் 22 சதவீதத்தை மட்டும் வரியாகப் பிடித்திருக்கும். அவருடைய உண்மையான வரி விகிதமோ 32 அல்லது 35 சதவீதமாக இருக்கும். ஏப்ரலில் கணக்குப் பார்க்கும்போது 40,000 டாலர் பாக்கி நிற்கும். தொகை பெரியதுதான், ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை, கணக்கில் தகராறும் இல்லை, பணம் கட்ட அவகாசம் மட்டுமே வேண்டும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. இன்னொருவர் தம் கடையில் ரொக்கமாக வந்த வருமானத்தை மூன்று ஆண்டுகளாகக் காட்டவில்லை. வரி 9,000 டாலர்தான் வரும். இவர்தான் முதலில் வழக்கறிஞரிடம் போக வேண்டியவர்.

ஆகவே, நான் சொல்லப்போகும் பதில் எனக்கே எதிராகத் திரும்புமா, விவகாரம் நீதிமன்றம் வரை போகுமா, இந்த நிலுவை சட்டப்படி என் தலையில்தான் விழுமா என்று கேட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்காவது ‘ஆம்’ அல்லது ‘தெரியவில்லை’ என்று பதில் வந்தால் வழக்கறிஞர் வேண்டும். மூன்றுக்கும் தெளிவான ‘இல்லை’ என்றால், அது வெறும் பணப் பிரச்சினைதான்.

சி.பி.ஏ., என்ரோல்டு ஏஜென்ட், வழக்கறிஞர் ஆகியோருக்குள் என்ன வேறுபாடு?

சி.பி.ஏ. என்பவர் உரிமம் பெற்ற கணக்காளர். படிவம் 2848இல் நீங்கள் கையெழுத்திட்டு அதிகாரம் கொடுத்தால், இம்மூவரும் உங்கள் சார்பில் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் பேசலாம். என்ரோல்டு ஏஜென்ட் என்பவர் ஐ.ஆர்.எஸ். நடத்தும் தேர்வில் தேறியோ, அத்துறையில் முன்பு பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டோ உரிமம் பெற்றவர். நம்மவர்கள் இவர்களைப் பற்றி அதிகம் அறிவதில்லை. தவணை ஒப்பந்தம், அபராதக் குறைப்பு, விடுபட்ட ஆண்டுகளின் கணக்கு போன்ற வேலைகளில் அனுபவமுள்ள என்ரோல்டு ஏஜென்ட் பல வழக்கறிஞர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் மலிவாகவும் செய்து தருவார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேறுபாடு இரண்டு இடங்களில் வெளிப்படுகிறது. அமெரிக்க வரி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வாதாடலாம். மற்ற இருவரும் அந்த நீதிமன்றம் நடத்தும் தனித் தேர்வில் தேறியிருந்தால் மட்டுமே வாதாட முடியும். இரண்டாவது, இரகசியக் காப்பு.

என் சி.பி.ஏ.விடம் சொன்னது வெளியே போகாதுதானே?

போகலாம். வரிச் சட்டத்தின் 7525ஆம் பிரிவு, வரி ஆலோசனை தொடர்பாகச் சி.பி.ஏ.விடமும் என்ரோல்டு ஏஜென்டிடமும் நீங்கள் பேசுவதற்கு ஓரளவு காப்புத் தருகிறது. ஆனால் விவகாரம் குற்ற வழக்காக மாறினால் அந்தக் காப்பு நிற்காது, உங்கள் சி.பி.ஏ.வைச் சாட்சியாக அழைத்து, நீங்கள் அவரிடம் சொன்னதைக் கேட்கலாம். பத்து ஆண்டுகளாகப் பழகிய நண்பர், கோயில் குழுவில் கூடவே இருப்பவர் என்பதெல்லாம் அழைப்பாணைக்கு முன் எடுபடாது. சட்ட ஆலோசனைக்காக வழக்கறிஞரிடம் பேசியதற்கான காப்போ குற்ற வழக்கிலும் நிற்கும். அதற்கும் எல்லை உண்டு: ரிட்டர்ன் எனப்படும் வரிக் கணக்கு அறிக்கையைத் தயாரிப்பதற்காக அவரிடம் கொடுத்த விவரங்களை அது பொதுவாக மூடாது, இனிமேல் செய்யப்போகும் மோசடிக்கு வழி கேட்டால் அதையும் மூடாது.

கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமே என்றால், வழக்கறிஞரே ஒரு கணக்காளரைத் தமக்கு உதவியாக அமர்த்திக்கொள்வார். 1961இல் வந்த கோவல் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, அப்படி அமர்த்தப்பட்டவரும் அந்தக் காப்பின் நிழலுக்குள் வருகிறார். ஆனால் பிழையான ரிட்டர்னைத் தயாரித்த பழைய சி.பி.ஏ.வையே இதற்கு வைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது. அவருக்கு முன்பே தெரிந்த விவரங்களை இந்தக் காப்பு மூடாது.

எந்தக் கடிதம் வந்தால் உடனே செயல்பட வேண்டும்?

எல்லாக் கடிதமும் ஒன்றல்ல. கடிதத்தின் மூலையில் இருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். சிபி 14 என்பது முதல் பாக்கி அறிவிப்பு. பணம் கட்டலாம், தவணை கேட்கலாம், தவறென்றால் மறுக்கலாம். சிபி 2000 என்பது பாக்கிக் கடிதமே அல்ல. வங்கியோ தரகு நிறுவனமோ கொடுத்த விவரமும் உங்கள் ரிட்டர்னும் பொருந்தவில்லை என்று சொல்லி, ஒரு மாற்றத்தை முன்மொழிகிறது. பங்கு விற்பனையில் வாங்கிய விலை கணக்கில் சேராமல் போனதால் பூதாகரமான தொகையோடு வரும் சிபி 2000 பல உண்டு. சரியான தாள்களை அனுப்பினாலே அது அடங்கிவிடும்.

சிபி 504 பார்வைக்குப் பயமுறுத்தும். ஜப்தி செய்யும் எண்ணம் பற்றிப் பேசும். ஆனால் அதன் பலத்தில் முக்கியமாக மாநில வரியிலிருந்து உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய தொகையைத்தான் எடுப்பார்கள். சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கைவைக்கப் பொதுவாக இன்னொரு கடிதம் தேவை. அதுவே எல்.டி. 11 அல்லது கடிதம் 1058. அதில் குறிப்பிட்ட தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் படிவம் 12153ஐ அனுப்பி விசாரணை கேட்டால், அந்த நிலுவைக்கான ஜப்தி பொதுவாக நிறுத்தி வைக்கப்படும்; ஐ.ஆர்.எஸ்.ஸின் மேல்முறையீட்டுப் பிரிவு எடுக்கும் முடிவு பிடிக்காவிட்டால் வரி நீதிமன்றத்துக்கும் போகலாம். முப்பது நாள் கடந்த பின், ஓராண்டுக்குள் கேட்டாலும் ஒரு விசாரணை கிடைக்கும். ஆனால் அதன் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகும் உரிமை கிடையாது. ஒரு தபால் தாமதம் ஓர் உரிமையையே தின்றுவிடுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ‘பற்றாக்குறை அறிவிப்பு’ எனப்படும் 90 நாள் கடிதம். ஐ.ஆர்.எஸ். கூடுதல் வரி விதிக்கப்போகிறது, நீங்கள் ஏற்கவில்லையென்றால் 90 நாட்களுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள் என்று அது சொல்லும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள முகவரிக்கு அனுப்பப்பட்டால் 150 நாள். மனுக் கட்டணம் 60 டாலர்தான், வரியை முன்கூட்டிக் கட்டவும் வேண்டாம். இந்த வாய்ப்பை விட்டுவிட்டால், பொதுவாக வரி முழுவதையும் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்டு வேறு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டிவரும். எனவே இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். ஓர் ஆண்டுக்கான தகராறு 50,000 டாலருக்கு மேற்படாவிட்டால் சிறு வழக்கு முறையைத் தேர்ந்து நீங்களே வாதாடலாம்; ஆனால் அம்முறையில் வரும் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

தவணையில் கட்டுவதற்கு வழக்கறிஞர் வேண்டுமா?

வேண்டாம். வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து 50,000 டாலருக்குள் இருந்து, ரிட்டர்ன்கள் அனைத்தும் தாக்கலாகியிருந்தால், மாதத் தவணையை ஐ.ஆர்.எஸ். இணையதளத்திலேயே கேட்கலாம். 180 நாட்களுக்குள் கட்டிவிட முடியுமென்றால் 1,00,000 டாலருக்குக் கீழ் உள்ள நிலுவைக்கும் இணையத்திலேயே அவகாசம் கிடைக்கும். முந்தைய மூன்று ஆண்டுகள் ஒழுங்காக இருந்திருந்தால் முதல்முறை அபராதத் தள்ளுபடியையும் தொலைபேசியிலேயே கேட்டுப் பெறலாம்.

‘நிலுவையில் சிறு பகுதியைக் கட்டினால் போதும்’ என்ற விளம்பரங்களை நம்பலாமா?

அப்படி ஓர் ஏற்பாடு உண்மையில் உண்டு. ‘ஆஃபர் இன் காம்ப்ரமைஸ்’ என்பது அதன் பெயர். படிவம் 656இல் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 205 டாலர். விளம்பரம் சொல்லாத செய்தி என்னவென்றால், உங்கள் பேரம் பேசும் திறமையைப் பார்த்து ஐ.ஆர்.எஸ். இதைக் கொடுப்பதில்லை. உங்கள் வீடு, வாகனம், சேமிப்பு ஆகியவற்றின் நிகர மதிப்பையும், குடும்பச் செலவு போக மாதந்தோறும் மிஞ்சும் தொகையை 12 அல்லது 24 மாதங்களுக்குப் பெருக்கி வருவதையும் கூட்டி, உங்களிடமிருந்து எவ்வளவு வசூலிக்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகை நிலுவையைவிட அதிகமாக இருந்தால் விண்ணப்பம் பொதுவாக நிராகரிக்கப்படும். நல்ல சம்பளம் வாங்கி, வீட்டுக்கடனில் பாதியைக் கட்டி முடித்த ஒருவருக்கு இது கிடைப்பது அரிது. மொத்தத் தொகையாகக் கட்டுவதாகச் சொன்னால் 20 சதவீதத்தை விண்ணப்பத்தோடே வைக்க வேண்டும். நிராகரித்தாலும் அதைத் திருப்பித் தராமல் நிலுவையில் வரவு வைத்துக்கொள்வார்கள்.

தகுதி இருக்கிறதா என்று பார்க்க ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே இலவசக் கருவி உண்டு. அரை மணி நேர வேலை. உங்கள் நிதிநிலையைக் கேட்பதற்கு முன்பே ‘முடித்துத் தருகிறோம்’ என்று சொல்லிச் சில ஆயிரம் டாலர் முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். நிலுவை உங்களுடையதே அல்ல, அல்லது வரியே தவறு என்று வாதிட்டு இந்த ஏற்பாட்டைக் கேட்பதென்றால் மட்டும் வழக்கறிஞரின் எழுத்து பலம் சேர்க்கும்.

பல ஆண்டுகளாக ரிட்டர்னே தாக்கல் செய்யவில்லை. என்ன செய்வது?

பணம் இல்லையென்றாலும் தாக்கல் செய்வதுதான் முதல் வேலை. தாக்கல் செய்யாததற்கு மாதம் 5 சதவீதம் வீதம் 25 சதவீதம் வரை அபராதம் ஏறும். கட்டாததற்கு மாதம் அரை சதவீதம்தான். தாக்கலே செய்யாதவருக்காக ஐ.ஆர்.எஸ். தானே ஒரு ரிட்டர்ன் போட்டுவிடுவதும் உண்டு; அதில் உங்கள் குடும்பத்துக்கும் முதலீட்டுக்கும் உரிய கழிவுகள் பெரும்பாலும் இருக்காது. மேலும், வரியை வசூலிக்க ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு உள்ள 10 ஆண்டுக் காலக்கெடு, வரி மதிப்பிடப்பட்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. தாக்கல் செய்யாமலே காலத்தைக் கடத்திவிடலாம் என்ற கணக்கு அதனால்தான் பொய்க்கிறது.

சோம்பல், நோய், மணமுறிவு போன்ற காரணங்களால் விடுபட்டிருந்தால் என்ரோல்டு ஏஜென்ட் போதும். வருமானத்தை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்காவது இருந்திருந்தால், ஒரு படிவத்தையும் நிரப்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் செல்லுங்கள். வேண்டுமென்றே தாக்கல் செய்யாமல் இருப்பதும் குற்றம்; வரி ஏய்ப்பு ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய பெருங்குற்றம்.

இந்தியாவில் உள்ள வைப்புத் தொகையையும் மியூச்சுவல் ஃபண்டையும் இதுவரை காட்டவில்லை. இதற்கு வழக்கறிஞர் தேவையா?

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வைப்புக்கு இந்தியாவில் வரி இல்லை என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் அமெரிக்க வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர், எச்-1பி விசாவில் இருந்தாலும், உலகில் எங்கு ஈட்டிய வருமானத்துக்கும் அமெரிக்காவில் வரிக்குட்பட்டவர். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் எனப்படும் தனி அறிக்கையும் கொடுக்க வேண்டும். ஊரில் அம்மாவின் பென்ஷன் கணக்கில் வசதிக்காக உங்கள் பெயரையும் சேர்த்திருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் வரும். இந்தியாவும் அமெரிக்காவும் 2015இல் செய்துகொண்ட ஃபாட்கா உடன்பாட்டின்படி கணக்கு விவரங்கள் தாமாகவே பரிமாறப்படுகின்றன.

‘ஸ்ட்ரீம்லைன்டு’ எனப்படும் முறையில் மூன்று ஆண்டு ரிட்டர்ன்களையும் ஆறு ஆண்டு எஃப்பார்களையும் சரிசெய்யலாம். அமெரிக்காவில் வசிப்போருக்கு அபராதம், உரிய சொத்தின் உச்ச மதிப்பில் 5 சதவீதம். ஆனால் அதில் ‘வேண்டுமென்றே செய்யவில்லை’ என்று காரணத்தோடு எழுதி, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்று கையெழுத்திட வேண்டும். அந்த ஒன்றிரண்டு பக்கத்தில்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. விதி தெரியாமலே விட்டவர் உண்மையைச் சொல்லி எழுதலாம். கணக்காளர் கேட்டபோது ‘வெளிநாட்டுக் கணக்கு இல்லை’ என்று சொன்னவர், தெரிந்த பிறகும் இரண்டு ஆண்டு விட்டவர், பணத்தை உறவினர் பெயருக்கு மாற்றியவர் ஆகியோர் இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால், அதுவே அவர்களுக்கு எதிரான சான்றாகிவிடும். அவர்களுக்கு வேறு வழி, தானாக முன்வந்து வெளிப்படுத்தும் முறை, இருக்கிறது. அதற்குள் வழக்கறிஞர் இல்லாமல் போகக் கூடாது.

எஃப்பார் கொடுக்காததற்கான அபராதம் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக விழும் என்று பயமுறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்யாத தவறுக்கு அறிக்கை ஒன்றுக்கு ஒன்றாகத்தான் அபராதம் என்று பிட்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. 27 லட்சம் டாலராக இருந்த அபராதம் 50,000 டாலராகக் குறைந்தது.

ஐ.ஆர்.எஸ். அலுவலர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால்?

யார் என்று கேளுங்கள். நிலுவை வசூலிக்கும் ரெவன்யூ ஆபீசர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வருவதை 2023 ஜூலையில் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். வந்திருப்பவர் குற்றப் புலனாய்வுப் பிரிவின் ஸ்பெஷல் ஏஜென்ட் என்றால், பெரும்பாலும் இருவராக வந்து அடையாள அட்டையைக் காட்டுவார்கள். ‘என் வழக்கறிஞர் உங்களைத் தொடர்புகொள்வார்’ என்று மரியாதையாகச் சொல்லி, அவருடைய அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துங்கள். வீட்டுக்கு வந்தவரை உபசரித்து, உட்கார வைத்து, காபி கொடுத்துப் பேசுவது நம் பழக்கம். இங்கே அது ஆபத்து. பேசாமல் இருப்பது குற்றமல்ல, ஆனால் கூட்டாட்சி அலுவலரிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம். சாதாரணத் தணிக்கையில் நிறையக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அலுவலர் காரணமின்றித் திடீரென மௌனமானாலும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

உணவகம் நடத்துகிறோம். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்ட முடியவில்லை.

இதில் கம்பெனி என்ற திரை உங்களைக் காக்காது. ஊழியரிடம் பிடித்த வருமான வரியும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளில் அவர்கள் பங்கும் அரசுக்காக நீங்கள் வைத்திருக்கும் பணம். வாடகையும் காய்கறிக் கடைப் பாக்கியும் நெருக்கும்போது அந்தப் பணத்தை எடுத்துப் புரட்டினால், கட்ட வேண்டிய பொறுப்பில் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர் மீது 6672ஆம் பிரிவின்படி அந்தத் தொகை முழுவதையும் தனிப்பட்ட முறையில் விதிப்பார்கள். காசோலையில் கையெழுத்திடும் பங்குதாரரும், பெயருக்கு இயக்குநராக இருக்கும் மனைவியும்கூட அந்த வலையில் சிக்கலாம். படிவம் 4180ஐ வைத்துக்கொண்டு அலுவலர் நடத்தும் நேர்காணலில், ‘யாருக்குப் பணம் கொடுப்பது என்று யார் முடிவு செய்வார்?’ என்ற சாதாரணக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலே பொறுப்பை நிலைநாட்டிவிடும். அந்த நேர்காணலுக்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். பங்குதாரர்களுக்குள் நலன்கள் முரண்படும் என்பதால் ஆளுக்கொருவராக வைத்துக்கொள்வதே முறை.

கணவர் நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். இப்போது நிலுவை என் பெயரிலும் வருகிறது.

கூட்டு ரிட்டர்னில் கையெழுத்திட்ட இருவரும் முழுத் தொகைக்கும் தனித்தனியே பொறுப்பாவார்கள். மணமுறிவுத் தீர்ப்பில் ‘வரியைக் கணவரே கட்ட வேண்டும்’ என்று எழுதியிருந்தாலும் ஐ.ஆர்.எஸ். அதற்குக் கட்டுப்படாது. படிவம் 8857 மூலம் ‘இன்னொசென்ட் ஸ்பௌஸ்’ (குற்றமற்ற துணைவர்) நிவாரணம் கேட்கலாம். அதன் சில வகைகளுக்கு, உங்களிடம் வசூல் நடவடிக்கை தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. வருமானம் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்திருக்க வேண்டும் என்பதே மையக் கேள்வி. கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்து, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்கூடத் தெரியாமல் வாழ்ந்த பெண்கள் பலர் உண்டு. மிரட்டலோ வன்முறையோ இருந்திருந்தால் அதையும் ஐ.ஆர்.எஸ். கணக்கில் எடுக்கும். உங்கள் கணவரின் சி.பி.ஏ.விடம் இதற்குப் போகாதீர்கள்; தனி வழக்கறிஞர் வேண்டும்.

கிரீன் கார்டையோ குடியுரிமையையோ இது பாதிக்குமா?

நிலுவை இருப்பது மட்டுமே பெரும்பாலும் பாதிக்காது. குடியுரிமை விண்ணப்பமான என்-400 நிலுவை வரி பற்றிக் கேட்கும்; தவணை ஒப்பந்தம் இருந்தால் அதன் சான்றை இணைத்து உண்மையைச் சொல்லலாம். ஆபத்து குற்றத்தில்தான் இருக்கிறது. பொய்யான ரிட்டர்ன் கொடுத்து அரசுக்கு 10,000 டாலருக்கு மேல் இழப்பு உண்டாக்கியதாகத் தண்டிக்கப்பட்டால், கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம் என்று காவாஷிமா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. எனவே குடிமகன் அல்லாதவர், குற்ற வழக்கில் ‘ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால், குடியேற்ற வழக்கறிஞரையும் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. குடிமகன் ஆனவருக்கு வேறொரு சிக்கல்: ஒரு வரம்புக்கு (2025இல் அது 64,000 டாலர்) மேல் ‘கடும் நிலுவை’ இருப்பதாகச் சான்றளிக்கப்பட்டால் அமெரிக்கக் கடவுச்சீட்டே மறுக்கப்படலாம். தவணை ஒப்பந்தத்தில் ஒழுங்காகக் கட்டிவருபவருக்கு இது பொருந்தாது.

இந்தியாவுக்கே திரும்பிவிட்டேன். பழைய நிலுவை தானாகக் காலாவதியாகுமா?

அவ்வளவு எளிதாக ஆகாது. தொடர்ந்து ஆறு மாதமாவது அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் 10 ஆண்டுக் கடிகாரம் அந்தக் காலத்துக்கு நின்றுவிடும். கடிதமெல்லாம் கடைசியாகத் தெரிவித்த முகவரிக்கே போகும். நீங்கள் பார்க்காவிட்டாலும் அது சட்டப்படி செல்லுபடியாகும். திரும்பும்போதே படிவம் 8822இல் முகவரியை மாற்றிவிடுங்கள். அங்கே 401(கே) ஓய்வூதியக் கணக்கோ வீடோ விட்டுவந்திருப்பவருக்கு ஒருமுறை சட்ட ஆலோசனை பெறுவது வீண் செலவாகாது.

திவால் மனுக் கொடுத்தால் வருமான வரி போகுமா?

சில நிலைகளில் போகும். ரிட்டர்ன் கெடு முடிந்து மூன்று ஆண்டு, தாக்கல் செய்து இரண்டு ஆண்டு, வரி மதிப்பிட்டு 240 நாள் ஆகியவை கடந்திருக்க வேண்டும். மோசடியும் இருக்கக் கூடாது. ஒரு வாரம் முந்தி மனுப் போட்டால்கூடக் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

நல்ல வழக்கறிஞரை எப்படி அடையாளம் காண்பது?

‘பார்’ எனப்படும் மாநில வழக்கறிஞர் அமைப்பின் தளத்தில் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று இலவசமாகப் பார்க்கலாம். வரி நீதிமன்றத்தில் அனுமதி பெற்றவரா, உங்களைப் போன்ற வழக்குகளில் எத்தனையை நடத்தியிருக்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். முதல் சந்திப்பில் பேசுபவரே வழக்கையும் நடத்துவாரா, விற்பனைப் பிரதிநிதி பேசிவிட்டு வேறொருவர் கையில் கொடுப்பாரா என்பதையும் கேளுங்கள். கட்டணம் மணிக்கணக்கிலா, மொத்தமாகவா, எந்தக் கட்டம் வரை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஐ.ஆர்.எஸ். கணக்கு விவரத்தைப் பார்க்காமலே முடிவை உறுதிசொல்பவர் வேண்டாம். தமிழ் பேசுகிறார் என்பது வசதிதான், தகுதி அல்ல.

கட்டணம் கொடுக்க வசதியில்லை.

வருமானம் குறைந்தவர்களுக்கான வரி உதவி மையங்கள், எல்.ஐ.டி.சி. என்ற பெயரில், பெரும்பாலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி அமைப்புகளிலும் இயங்குகின்றன. வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருந்து, தகராறு பொதுவாக ஆண்டுக்கு 50,000 டாலருக்குக் கீழ் இருந்தால் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ வாதாடுவார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு உரிமைகளை விளக்கிச் சொல்வதும் அவர்கள் வேலை. ஜப்தியால் வாடகைக்கும் மருந்துக்கும் பணமில்லாத நிலை வந்தால், ஐ.ஆர்.எஸ்.ஸுக்குள்ளேயே தனித்து இயங்கும் டாக்ஸ்பேயர் அட்வகேட் சேவையைப் படிவம் 911 மூலம் அணுகலாம். வங்கிக் கணக்கில் ஜப்தி விழுந்தால் வங்கி அந்தப் பணத்தை 21 நாள் தன்னிடமே நிறுத்தி வைத்துவிட்டுத்தான் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்பும். அந்தப் படிவத்தை அனுப்ப வேண்டிய நாட்கள் அந்த இருபத்தொன்றுதான்.